மூன்று அறிக்கைகளில் மூன்று பெயர்கள்: என் மகளுக்கு இருப்பது ஒரே நோயா?

கேள்வி: என் மகளுக்கு வயது 28. ஒன்றரை ஆண்டாகச் சாப்பிட்ட கால் மணி நேரத்துக்குள் மேல்வயிற்றில் வலி பிடித்துக்கொள்கிறது. 54 கிலோ இருந்தவள் இப்போது 43 கிலோ. இரண்டு முறை எண்டோஸ்கோப்பி செய்தும் ஒன்றும் தெரியவில்லை. முதலில் கேஸ் என்றார்கள், பிறகு அல்சர் என்றார்கள், கடைசியில் மனசுதான் காரணம் என்றார்கள். சென்ற மாதம் எடுத்த ஸ்கேன் அறிக்கையில் ‘சீலியாக் தமனி அழுத்தம்’ என்று எழுதியிருக்கிறது. குடல்நோய் மருத்துவர் தம் சீட்டில் ‘மால்ஸ்’ என்று எழுதினார். ரத்தநாள அறுவைச் சிகிச்சை மருத்துவரோ ‘டன்பார் சிண்ட்ரோம்’ என்கிறார். இது ‘வில்கி சிண்ட்ரோம்’தான், எடை கூடினால் தானாகச் சரியாகிவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். சீலியாக் என்ற சொல்லைப் பார்த்ததும் நாங்களாகவே கோதுமையை நிறுத்தி எட்டு வாரம் ஆகிறது, வலி குறையவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில், ஆளுக்கொரு பெயர் எழுதியிருக்கிறதே, உண்மையில் என்ன நோய் என்று கேட்கிறார்கள். இவளுக்கு எத்தனை நோய்? அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கலாமா? (பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.)

பதில்: அன்புள்ள அம்மா, உங்களை அலைக்கழித்த முதல் கேள்விக்கே முதலில் வருகிறேன். மூன்று அறிக்கைகளிலும் எழுதியிருப்பது ஒரே நோய். உறவினர் சொன்ன வில்கி சிண்ட்ரோம் அதற்குப் பக்கத்து வீட்டு நோய், இரண்டும் ஒன்றல்ல. கோதுமையை நிறுத்தவேண்டிய சீலியாக் நோய்க்கும் இவை இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. இந்தக் குழப்பத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. எங்கள் துறைக்குள் புதிதாக வரும் மருத்துவ மாணவர்களும் இந்தப் பெயர்களில் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெயர்கள் புரியவேண்டுமானால் இடம் புரியவேண்டும். நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் உதரவிதானம் முதுகெலும்பைப் பற்றிக்கொள்வதற்காகக் கால்கள் போன்ற இரண்டு தசைக்கற்றைகளைக் கீழே இறக்குகிறது. அந்த இரண்டு கால்களையும் மேலே இணைக்கும் வில் வடிவ நார்ப்பட்டைக்குத்தான் மீடியன் ஆர்க்குவேட் லிகமென்ட் என்று பெயர். இதயத்திலிருந்து வரும் பெருந்தமனி இந்த வில்லுக்குப் பின்னால் நுழைந்து வயிற்றுக்குள் வருகிறது. வந்த உடனே, ஏறத்தாழப் பன்னிரண்டாவது மார்பு முதுகெலும்பின் மட்டத்தில், முன்பக்கமாக ஒரு குட்டையான கிளையை விடுகிறது. நீளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். ஆனால் இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் ரத்தம் கொண்டுபோகும் மூன்று தமனிகளும் அதிலிருந்துதான் பிரிகின்றன. அதுவே சீலியாக் தமனி. பெரும்பாலானவர்களுக்கு அந்த வில் இந்தத் தமனிக்கு மேலே நின்றுவிடும். நூற்றில் பத்து முதல் இருபத்து நான்கு பேருக்கு அது சற்றுத் தாழ்ந்து, தமனியின் முன்புறமாகக் குறுக்கே போகிறது. அவர்களிலும் மிகச் சிலருக்கு மட்டுமே அது தமனியையும் அதைச் சுற்றியிருக்கும் நரம்புப் பின்னலையும் தொல்லை தரும் அளவுக்கு அழுத்துகிறது.

இனி, ஒரே நோய்க்கு இத்தனை பெயர்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். ஒவ்வொருவரும் தாம் கண்டதன் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். 1917-இல் லிப்ஷூட்ஸ் என்ற மருத்துவர், இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது உதரவிதானத்தின் கால் இந்தத் தமனியின் மேல் படிந்திருப்பதைக் கண்டு எழுதினார். அவருடைய பெயர் நோய்க்கு ஒட்டவில்லை. 1963-இல் பின்லாந்தைச் சேர்ந்த ஹார்யோலா, நரம்பு முடிச்சின் தடித்த நார்த்திசு தமனியை நெரித்த ஒரு நோயாளியைப் பற்றியும், அதை அறுத்து விடுவித்ததும் அவருடைய வலி நீங்கியதைப் பற்றியும் எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1965-இல், அமெரிக்காவில் டன்பாரும் அவருடைய சகாக்களும் இத்தகைய நோயாளிகள் பலரின் ஆஞ்சியோகிராம் படங்களையும் சிகிச்சையின் பலனையும் சேர்த்து வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையில் பங்குகொண்ட அறுவைச் சிகிச்சை மருத்துவர் மாரபிள் அடுத்த ஆண்டில் தாமும் இதைப் பற்றி எழுதினார். ஆக, டன்பார் சிண்ட்ரோம், மாரபிள் சிண்ட்ரோம், ஹார்யோலா–மாரபிள் சிண்ட்ரோம் ஆகிய மூன்றும் ஆட்களின் பெயரால் வந்தவை. உங்கள் அறுவைச் சிகிச்சை மருத்துவர் டன்பார் என்று சொன்னது தவறே இல்லை. அது பழைய பழக்கம்.

மற்றவை இடத்தின் பெயரால் வந்தவை. ஸ்கேன் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது நெரிந்த தமனி. ஆகவே அவர் சீலியாக் தமனி அழுத்த நோய் என்று எழுதுவார். அதே தமனியைச் சிலர் சீலியாக் தண்டு என்பார்கள், சிலர் சீலியாக் அச்சு என்பார்கள். அறிக்கையில் சீலியாக் ஆக்ஸிஸ் சிண்ட்ரோம் என்று கண்டால் அதுவும் இதுதான். நெரிக்கும் நார்ப்பட்டையைக் குற்றவாளியாகப் பார்ப்பவர்கள் மீடியன் ஆர்க்குவேட் லிகமென்ட் சிண்ட்ரோம் என்கிறார்கள். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்ததுதான் மால்ஸ். நீங்கள் வலையில் தேடும்போது இன்னொரு சிறு சிக்கலும் உண்டு. சீலியாக் என்பதை ஆங்கிலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் ‘சி’ எழுத்துக்குப் பின் ஓர் ‘ஓ’ சேர்த்து எழுதுவார்கள், அமெரிக்கர்கள் அந்த ‘ஓ’வை விட்டுவிடுவார்கள். இரண்டு எழுத்துக்கூட்டிலும் தேடினால்தான் முழுத் தகவலும் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், மால்ஸ் என்ற பெயரையே எல்லாரும் பயன்படுத்தலாம் என்பேன். தமனி நெரிகிறது என்பது நிச்சயம். ஆனால் வலி தமனியிலிருந்துதான் வருகிறதா என்பது அவ்வளவு நிச்சயமில்லை. ரத்தம் குறைவதால் வலிக்கிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். சீலியாக் தமனி ஏறக்குறைய முழுதும் அடைபட்டாலும், அதற்கு ஒரு சென்டிமீட்டர் கீழே புறப்படும் மேல் குடல் தமனியிலிருந்து கணையத்தைச் சுற்றி வரும் மாற்றுப் பாதை வழியாக ரத்தம் வந்துவிடுகிறதே, பிறகு ஏன் வலிக்கவேண்டும் என்று மறு சாரார் கேட்கிறார்கள். நசுங்கும் நரம்புப் பின்னலே வலிக்குக் காரணம் என்பது அவர்கள் வாதம். இந்தச் சந்தேகம் பழையது. 1972-இலேயே சிலாகி என்ற புகழ்பெற்ற ரத்தநாள அறுவைச் சிகிச்சை மருத்துவர், இப்படி ஒரு நோய் உண்டா என்று தலைப்பிலேயே கேட்டுக் கட்டுரை எழுதினார். உங்கள் மகளுக்கு ‘மனசுதான்’ என்ற பட்டம் கிடைத்ததற்கு இந்தப் பழைய வழக்கும் ஒரு காரணம். நார்ப்பட்டையின் பெயரைச் சொன்னால் வலி தமனியால் என்றோ நரம்பால் என்றோ முன்கூட்டியே தீர்ப்பு எழுதவேண்டியதில்லை. அறுவைச் சிகிச்சையில் வெட்டப்போவதும் அதைத்தான்.

கோதுமைக்கு வருகிறேன். சீலியாக் என்பது வயிறு என்ற பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வயிற்றுக்குப் போகும் தமனிக்கும் அதையே பெயராக வைத்தார்கள். கோதுமையில் உள்ள குளுட்டன் என்ற புரதம் ஒவ்வாமல் சிறுகுடலின் உட்சுவர் சிதையும் நோய்க்கும் அதையே வைத்தார்கள். பெயரைத் தவிர இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுமில்லை. தமனி அழுத்தத்துக்காகச் சப்பாத்தியையும் ரவையையும் நிறுத்துவதால் பயன் கிடையாது. ஏற்கெனவே 11 கிலோ இழந்த பெண்ணின் தட்டிலிருந்து இன்னும் சில பண்டங்கள் குறைந்ததுதான் மிச்சம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். குளுட்டன் நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் இதற்கு முன் பார்க்கப்படவில்லை என்றால், கோதுமையைச் சில வாரங்கள் வழக்கம்போலச் சாப்பிட்ட பிறகுதான் அந்தப் பரிசோதனையைச் செய்யவேண்டும். நிறுத்தியிருக்கும் காலத்தில் எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும். எப்போது எடுக்கலாம் என்பதைக் குடல்நோய் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறவினர் சொன்ன வில்கி, எடின்பரோவில் பணியாற்றிய அறுவைச் சிகிச்சை மருத்துவர். 1927-இல் 75 நோயாளிகளின் விவரத்தோடு அவர் எழுதிய கட்டுரையால் அந்த நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது. அந்த நோய்க்கும் ‘மேல் மெசன்டெரிக் தமனி சிண்ட்ரோம்’, ‘காஸ்ட் சிண்ட்ரோம்’ என்று பல பெயர்கள் உண்டு. உடல் முழுக்க மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கு வந்ததால் அந்தக் கடைசிப் பெயர். மேல் மெசன்டெரிக் தமனி என்பது நான் முன்பு சொன்ன மேல் குடல் தமனிதான்; அங்கே அதுவே கதாபாத்திரம். அது பெருந்தமனியிலிருந்து சாய்வாக இறங்கும்போது உண்டாகும் கோணத்துக்குள் முன்சிறுகுடல் குறுக்கே போகிறது. அந்தக் கோணத்தில் மெத்தைபோல இருக்கும் கொழுப்பு, உடல் மெலிந்தவர்களுக்குக் கரைந்துவிட்டால் கோணம் குறுகிக் குடல் நசுங்கும். மால்ஸில் தமனி நெரிக்கப்படுகிறது; வில்கியில் தமனியே குடலை நெரிக்கிறது. அந்த நோயாளிகளுக்குச் சாப்பிட்டதும் வயிறு உப்பிப் பச்சையாகப் பித்த வாந்தி வரும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலோ முழங்காலை மார்போடு சேர்த்துக் குனிந்தாலோ இதமாக இருக்கும். எடை ஏறினால் மெத்தை திரும்ப வந்து பலருக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடுவதும் உண்மைதான். உறவினர் எங்கோ சரியாகத்தான் படித்திருக்கிறார். வேறு நோய்க்கான பாடத்தை இங்கே ஒப்பித்துவிட்டார். எடை ஏறுவதால் நார்ப்பட்டை மேலே நகராது. ஆனாலும் மெலிந்த ஒருவருக்கு இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடும் என்பதால், அதே ஸ்கேனில் அந்தக் கோணத்தையும் அளந்து சொல்லுமாறு கேட்பது நல்லது. அது 25 பாகைக்குக் குறைவாக இருந்தால் கவனிக்கவேண்டும்.

இனி, படத்தில் தெரியும் அழுத்தம்தான் வலிக்குக் காரணமா என்பதை எப்படி உறுதிசெய்வது? இங்கேதான் அவசரப்படக்கூடாது. இந்த அழுத்தம் மூச்சோடு விளையாடுவது. மூச்சை வெளியே விடும்போது தமனி மேலேறி நார்ப்பட்டையில் முட்டிக்கொள்கிறது. ஆழமாக இழுக்கும்போது கீழிறங்கி விலகிக்கொள்கிறது. என் அறையில் இத்தகைய நோயாளியைப் படுக்கவைத்து, நெஞ்செலும்பின் நுனிக்கும் தொப்புளுக்கும் நடுவே ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மூச்சை முழுக்க விட்டு நிறுத்தச் சொல்வேன். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் எழுமே, அப்படி ஒரு சீறல் நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்கும். இழுக்கச் சொன்னதும் அது மங்கும். எல்லாருக்கும் கேட்காது, மெலிந்தவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். இதையே டாப்ளர் ஸ்கேன் எண்ணாகக் காட்டுகிறது. மூச்சை விட்ட நிலையில் அந்தத் தமனியில் ரத்தத்தின் வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தாண்டி, இழுத்த நிலையிலோ எழுந்து நின்ற நிலையிலோ அது இறங்கினால் சந்தேகம் வலுக்கிறது. சிடி ஆஞ்சியோகிராமில் பக்கவாட்டுத் தோற்றத்தில் தமனி கொக்கிபோல வளைந்து, நெரிசலுக்கு அப்பால் சற்றுப் புடைத்திருக்கும். மூச்சை விட்ட நிலையில் படம் எடுத்தால் எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிலும் சிலருக்கு அந்தக் கொக்கி தெரியும் என்பதால், உங்கள் மகளின் படம் எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதை அவசியம் கேளுங்கள். மூச்சை இழுத்த நிலையிலும் நெரிசல் நன்றாகத் தெரிந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

படம் மட்டும் போதாது என்பதற்காகவே, பித்தப்பைக் கல், இரைப்பையின் மந்தம், கணையத்தின் கோளாறு போன்ற மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகே இந்த நோயை உறுதிசெய்கிறோம். பல மையங்களில் இன்னொரு சோதனையும் செய்வார்கள். ஸ்கேன் வழிகாட்டலில் மெல்லிய ஊசி செலுத்தி அந்த நரம்புப் பின்னலை மருந்தால் சில மணி நேரம் மரத்துப்போகச் செய்துவிட்டு, நோயாளியைச் சாப்பிடச் சொல்வார்கள். ஒன்றரை ஆண்டாக மூன்று கரண்டி தயிர்சாதத்தோடு தட்டைத் தள்ளிவைத்தவர் அன்று வலியில்லாமல் சாப்பிட்டால், அந்த இடத்தை விடுவிப்பதால் பலன் இருக்கும் என்று நம்ப இடம் உண்டு. உங்கள் மகளுக்கு இது செய்யப்பட்டதாகக் கடிதத்தில் இல்லை. சம்மதக் கையெழுத்துக்கு முன்னால் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்.

அறுவைச் சிகிச்சை என்பது அந்த நார்ப்பட்டையை வெட்டித் தமனியை விடுவிப்பதும், சுற்றியுள்ள நரம்புத் திசுவை அகற்றுவதும்தான். முன்பு வயிற்றைத் திறந்து செய்தார்கள். இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில், சில இடங்களில் ரோபோ உதவியோடு செய்கிறார்கள். வெட்டும் இடம் பெருந்தமனிக்கு மேலேயே இருப்பதால் ரத்தக்கசிவு ஏற்பட்டால் உடனே திறந்து சமாளிக்கத் தெரிந்த குழு இருக்கவேண்டும். எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல மருத்துவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நார்ப்பட்டையை வெட்டாமல் தமனிக்குள் ஸ்டென்ட் மட்டும் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வெளியிலிருந்து நெரிக்கும் பட்டை ஒவ்வொரு மூச்சிலும் அந்த ஸ்டென்ட்டை நசுக்கிக்கொண்டே இருக்கும். வெட்டிய பிறகும் தமனி சுருங்கியே இருந்தால் அப்போது ஸ்டென்ட்டோ மாற்றுவழி இணைப்போ தேவைப்படலாம்.

பலன் எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1985-இல் வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் அமெரிக்க ஆய்வு ஒன்றில், நார்ப்பட்டையை மட்டும் வெட்டியவர்களில் 53 விழுக்காட்டினரும், அதோடு தமனியையும் சீரமைத்தவர்களில் 76 விழுக்காட்டினரும் பல ஆண்டுகளுக்குப் பின்னும் வலியில்லாமல் இருந்தார்கள். சாப்பிட்டால் தவறாமல் வரும் வலி, ஒன்பது கிலோவுக்கு மேல் எடையிழப்பு ஆகிய இரண்டும் இருந்தவர்களுக்குப் பலன் கூடுதல். உங்கள் மகளுக்கு இரண்டும் இருக்கின்றன. வலி விட்டுவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போய்த் திரும்பியவர்களுக்கு அவ்வளவு பலன் கிடைக்கவில்லை. அந்த ஆய்வில் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினர் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அது உங்கள் மகளுக்குக் கதவை அடைப்பதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நரம்பு மரப்புச் சோதனையில் இதம் கிடைத்து, மூச்சை இழுத்த நிலைப் படத்திலும் நெரிசல் தெரிந்தால், என் மகளாக இருந்தாலும் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிப்பேன்.

அதுவரை மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொடுங்கள். கஞ்சி, பால், குழைந்த பருப்புசாதம், முட்டை என்று குறைந்த அளவில் நிறையச் சத்து உள்ளவையாக இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் ஒரு வாய் என்று வற்புறுத்த வேண்டாம்; சாப்பாட்டைக் கண்டாலே பயம் வருவது இந்த நோயில் வழக்கம், அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் அதையும் மறுக்காதீர்கள். ஒன்றரை ஆண்டு வலி மனத்தையும் வாட்டும், அதற்கான உதவி நோயை இல்லை என்று ஆக்கிவிடாது.

காப்பீட்டு அலுவலகத்துக்கு நீங்கள் விளக்கம் எழுத வேண்டியதில்லை. சிகிச்சை தரும் மருத்துவரிடம் ஒரே ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் மீடியன் ஆர்க்குவேட் லிகமென்ட் சிண்ட்ரோம் என்ற பெயரை முதலில் எழுதி, சீலியாக் தமனி அழுத்த நோய், டன்பார் சிண்ட்ரோம் என்பவை இதன் மறுபெயர்கள் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்ப்பட்டியலில் இதற்கு ஐ 77.4 என்ற தனிக் குறியீடே உண்டு. அதையும் அந்தக் கடிதத்தில் போடச் சொல்லுங்கள். பெயர்கள் எத்தனை இருந்தாலும் குறியீடு ஒன்றாக இருந்தால் அலுவலகத்தின் கேள்வி பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். வில்கி என்ற சொல் எந்தத் தாளிலும் தவறுதலாக ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மருத்துவரிடம் போகும்போது அச்சிட்ட ஸ்கேன் தாள்களை மட்டும் எடுத்துப்போகாமல், படங்கள் முழுதும் பதிவான குறுந்தட்டையும் கொண்டுபோங்கள். அந்தக் கொக்கி வளைவைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க அதில்தான் முடியும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. நான் சொன்ன மாற்றுப்பாதைத் தமனிகள் அதிக ரத்தத்தைச் சுமந்து சுமந்து அரிதாகப் புடைத்து வெடிக்கக்கூடும். அதனால் அந்தப் படத்தில் கணையத்தைச் சுற்றிப் புடைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுமாறு கேளுங்கள். வழக்கமான வலியைவிடக் கடுமையான வலி திடீரென்று வந்தாலும், மயக்கம் வந்தாலும், ரத்த வாந்தி எடுத்தாலும், மலம் தார்போலக் கறுத்துப் போனாலும், மறுநாள் காலை வரை காத்திருக்காமல் அப்போதே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.